பின்கதவு

அப்பாவின் பழைய மாருதியில் பின்பக்க இடது கதவின் பீடிங் கழன்று ரெண்டு வருஷம் ஆகிறது. கதவைத் திறந்தால் மேல்மூலையில் கறுப்பு ரப்பர் ஒரு சாண் நீளத்துக்கு நாக்கு மாதிரித் தொங்கும். ஆமத்தூர் தாண்டி சிவகாசி ரோட்டில் போகும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே வரும், கூடவே கரிசல் புழுதியும். அப்பா ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. "காத்து வந்தா நல்லதுதானே" என்பார்.

இந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்த ராத்திரி நல்ல மழை. காலையில் காரைத் திறந்தால் பின்சீட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, மேட்டிலிருந்து ஊறவைத்த சாக்கு வாடை. அன்றைக்கே சரிபண்ணிவிடுவது என்று கிளம்பினேன்.

எங்கள் பக்கம் மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்ளும். மிச்சம் ஐப்பசி கார்த்திகையில் வருவதுதான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே ஊன்றியதற்கும், பிறகு பட்டாசு பெருகியதற்கும் இந்த வறட்சி பெரிய துணை. மருந்து காய வெயில் வேண்டும். அதே வெயில்தான் ரப்பரைத் தின்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் வெயிலில் நின்ற காரின் பீடிங் பிசுபிசுப்பெல்லாம் போய், காய்ந்த முருங்கைக்காய்த் தோல் மாதிரி ஆகிவிடும்.

மதுரை ரோட்டு ஸ்பேர்பார்ட்ஸ் கடை அண்ணாச்சி பழைய துண்டைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தார். "இது கதையாயிருச்சு தம்பி. புதுசே போட்டிருங்க" என்றார். அதன் வாயை விரித்தும் காட்டினார். குறுக்குவெட்டில் அது 'ப' மாதிரி இருக்கும். உள்ளே மெல்லிய தகரம் வைத்திருப்பார்கள். அந்தத் தகரம்தான் காரின் வாசல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிறது. வாய் அகன்றுபோனால் பிடி விட்டுப்போகும். ரப்பர் நல்லாயிருந்து வாய் மட்டும் அகன்றிருந்தால் பிளையரால் லேசாக நெருக்கினாலே போதும். "போடும்போது இழுத்துப் போடாதீங்க. இழுத்தா ரெண்டு நாள்ல சுருங்கி மூலையில இடைவெளி விடும். ஜாயின்ட் கீழ வரட்டும். மொதல்ல கதவு இறுக்கமா இருக்கும், பத்து நாள் தெறந்து மூடிப் பழக்கணும்" என்றார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, பழைய பீடிங்கை உருவி எடுத்தேன். விளிம்பு முழுக்கத் துருவும் மண்ணும். ஸ்குரு டிரைவரை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்ததும் திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்தார்.

"இரும்ப வச்சுச் சுரண்டாதய்யா."

"கார்தானப்பா."

பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டு வந்து கொடுத்தார். முப்பது வருஷம் பயர் ஆபீஸில் போர்மேனாக இருந்தவர். அங்கே மருந்து ரூமுக்குள் இரும்பு நுழையக் கூடாது. மரம், மூங்கில், பித்தளைதான். ஒரு பொறி போதும். உராய்வினால் விபத்து என்று பேப்பரில் ஒரு வரி வரும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் செத்தபோது, பார்க்கப் போனவர்களும் உதவப் போனவர்களும் அதில் இருந்தார்கள். ரிட்டயர் ஆகியிருந்த அப்பா அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவர், ராத்திரி சாப்பிடவில்லை.

மூங்கிலால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். புது பீடிங்கை மேல்மூலையிலிருந்து தொடங்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்காரவைத்தேன். ஒரு ரூபாய் நோட்டை இடையில் கொடுத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். நோட்டு லேசில் வரவில்லை. நாலு இடத்திலும் அப்படியே. பிறகு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். தப் என்று ஒரு சத்தம். தெருவே அடங்கிப்போனது மாதிரி இருந்தது.

அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று என்னவோ சொன்னார். கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

"உள்ளேருந்து தெறக்குதா பாரு."

கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. வெளியிலிருந்து பிடித்து இழுத்த வேகத்தில் நான் விழத் தெரிந்தேன்.

சைல்டு லாக். என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நானே போட்டுவைத்தது. கதவு விளிம்பில் இருந்த அந்தச் சின்ன நெம்புகோலைத் தட்டிவிட்டுக் காட்டினேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கெழம ஆசாரி வாரேன்னிருந்தான்" என்றார்.

வேறெதுவும் சொல்லவில்லை. மிச்சத்தை அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். நான் காலேஜில் படித்த சமயம். அப்பாவின் பொறுப்பில் இருந்த ஒரு ரூமில் நாலு பேர். ரெண்டு பக்கமும் கதவு; வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது விதி. மழையில் மேற்குக் கதவு ஊதி நிலையோடு இறுகிக்கொண்டது. அப்பா சொல்லி, ஆசாரியும் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மருந்து பற்றிவிட்டது. கிழக்கு வாசல் வழியாக மூன்று பேர் ஓடிவந்தார்கள். மேற்குக் கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா வரவில்லை.

கதவு திறந்திருந்தால் வந்திருப்பாளா? யாருக்கும் தெரியாது. அந்த ரூமை ரெண்டு நாள் பூட்டிப்போட்டிருக்கலாம், ஆனால் தீபாவளி ஆர்டர் நேரம். அப்பா அதைச் செய்யவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்தக் கதவும் இறுக மூடியதில்லை. மழைக்காலத்தில் பாத்ரூம் கதவைக்கூட அவரே இழைப்புளி போட்டுத் தேய்த்துவிடுவார். சின்ன வயதில் எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். பீடிங் தொங்கிய ரெண்டு வருஷம் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் விடியற்காலை சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்துகிறார், உள்ளேயிருந்து திறக்கிறார், மறுபடி சாத்துகிறார்.

"இந்நேரத்துல என்னடா பண்றாரு இவரு?" என்றாள் அம்மா.

"புது பீடிங்கும்மா. பத்து நாள் தெறந்து மூடிப் பழக்கணுமாம்" என்றேன்.