கையை லேசா வைங்க டாக்டர்

1/ "இதோட ஏழு, சார்."

ரெண்டு வயசுப் பையனை மடியில வச்சுக்கிட்டு அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். திட்டல, அழல. காலையிலிருந்து நாங்க குத்தின ஊசியை எண்ணிக்கிட்டே இருந்திருக்காங்க. அதுல நாலு என்னோடது.

2/ நிமோனியா, நெஞ்சுல சீழ். 10 நாளா ஐ.வி. ஆன்டிபயாடிக். கை, கால் எல்லாம் நீலத் தழும்பு. குழந்தைகளோட ரத்தக்குழாய் சின்னது, அதுக்கு மேல கொழுகொழுன்னு சதை வேற. மருந்து போகப் போக ஒவ்வொரு இடமா வீங்கிடும். இதைத்தான் வார்டுல 'நரம்பு கிடைக்கல'ன்னு சொல்வோம். உண்மையில அது நரம்பு இல்ல, சிரை.

3/ கழுத்துல சென்ட்ரல் லைன் போட முடிவாச்சு. முன்னெல்லாம் கழுத்துத் தசையையும் தமனித் துடிப்பையும் தொட்டுப் பார்த்து, குத்துமதிப்பா ஊசி இறக்குவாங்க. சிரைக்கு ஒட்டியே கரோட்டிட் தமனி, கொஞ்சம் கீழே போனா நுரையீரல். பெரியவங்களோ குழந்தைகளோ, இதை ஸ்கேன் பார்த்துப் போடுங்கன்னு பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002லேயே பரிந்துரைச்சிருக்கு.

4/ பையனுக்குத் தூக்க மருந்து கொடுத்தாச்சு. ப்ரோபை வச்சேன். திரையில ஒரே ஒரு கறுப்பு வட்டம், துடிச்சுக்கிட்டு இருக்கு. அது கரோட்டிட். சிரையைக் காணோம்.

"மேடம், இந்தப் பக்கம் அடைச்சிருக்கு போல."

"கையை லேசா வைங்க டாக்டர்."

அழுத்தத்தைக் குறைச்சேன். பக்கத்துல இன்னொரு வட்டம், முதல் வட்டத்தைவிடப் பெருசா, மெல்லத் திறந்துச்சு. அடைப்பெல்லாம் இல்ல. நான்தான் அழுத்தி மூடி வச்சிருந்தேன்.

5/ அடுத்த பொறி ஊசி முனை. திரையில தெரியுற வெள்ளைப் புள்ளி முனையாவும் இருக்கலாம், ஊசியோட நடுப்பகுதியாவும் இருக்கலாம். ப்ரோபைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தணும், புள்ளி மறையணும். அப்புறம் ஊசியை நகர்த்தணும், புள்ளி திரும்ப வரணும். இப்படியே அடி அடியா போனா முனை எங்கேன்னு தெரியும்.

6/ ரத்தம் வந்ததும் கம்பி. கம்பி சிரைக்குள்ளதான் இருக்கான்னு ஸ்கேன்ல பார்த்த பிறகுதான் டைலேட்டர். தமனிக்குள்ள டைலேட்டர் போனா அது பெரிய விபத்து. கடைசியா ஒரு எக்ஸ்ரே.

ஒரே குத்துல முடிஞ்சது.

7/ வெட்கமா இருந்தது அதுக்கு அப்புறம்தான். ஸ்கேன் மெஷின் அதே மாடியில, ரெண்டு ரூம் தள்ளி இருந்தது. அதே ப்ரோபை வச்சு முழங்கையிலயோ கணுக்கால்லயோ ஒரு சிரை தேடியிருக்கலாம். ரெண்டாவது குத்துலயே உருட்டிட்டு வந்திருக்கணும். 'இன்னொரு தடவை பார்ப்போம்'னு சொல்லிச் சொல்லியே ஏழு ஆச்சு.

8/ இப்போ எனக்கு நானே வச்சுக்கிட்ட விதி: ரெண்டு தடவை தவறினா ஊசியைக் கீழே வை, ஸ்கேனைக் கொண்டு வா, இல்ல என்னைவிடத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடு. குழந்தை ஷாக்ல இருந்தா இதெல்லாம் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது, கால் எலும்புக்குள்ள ஊசி போட்டு மருந்து கொடுக்கணும்.

9/ லைன் போட்டதோட வேலை முடியாது. கிருமி உள்ளே போகவும் அதுவே வழி. 'இன்னிக்கும் இது தேவையா?'ன்னு தினமும் கேட்கணும். ஆன்டிபயாடிக் முடிஞ்ச அன்னைக்கே எடுத்துட்டோம்.

10/ டிஸ்சார்ஜ் அன்னைக்கு அம்மா சிரிச்சாங்க. பையன் என்னைப் பார்த்ததும் வீல்னு அழுதான், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டான்.

அவன் பக்கம் நியாயம் இருக்கு.