வடத்தை விடத் தெரிந்த யானை

கிறைஸ்ட்சர்ச்,
14.7.2024

அன்புள்ள அப்புச்சிக்கு,

இங்கே ஆடி மாசம்தான் கடுங்குளிர். நீங்க கொடுத்துவிட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, "நீ அங்க படிக்கறது மரம் வளர்க்கவா, வெட்டவா?" என்று கேட்டீங்க. அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். வெட்டத்தான், அப்புச்சி. சரியாகச் சொன்னால், வெட்டின மரத்தை ஆளுக்கு அடிபடாமல் மலையிலிருந்து எடுக்க.

இங்கே ரேடியேட்டா பைனை நட்டு, 28 வருஷம் போல வளர்த்து, ஒரே மூச்சில் வெட்டுகிறார்கள். பல காடுகள் டிராக்டர் கால் வைக்க முடியாத சரிவு. அதனால் மேட்டில் ஹாலர் என்று ஓர் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். தேர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கின் அக்கரை வரை எஃகு வடம். வடத்தின்மேல் கப்பி வைத்த பெட்டி ஓடும். அதிலிருந்து தொங்கும் சுருக்கில் தடியைக் கட்டினால், ஒரு முனை தரையைவிட்டு எழும்ப, தடி மேலே வந்துவிடும். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு 1963 வரை ஓடிய டிராம்வேயைப் பற்றி நீங்க சொல்வீங்களே, பாரம் ஏற்றின பெட்டி இறங்குகிற கனத்திலேயே காலிப் பெட்டி மேலே ஏறும் என்று, இரண்டு கையையும் ஏற்றி இறக்கிக் காட்டி! அந்த வடமும் கப்பியும்தான் இதுவும். தண்டவாளம் மட்டும் இல்லை.

முதல் ஆறு மாதம் நான் படித்தது அம்மாயி துணிக்கொடி கட்டும் கணக்கு. மாமா கொடியை விறைப்பாக இழுத்துக் கட்டினால், "ஈரப் போர்வை போட்டா அத்துக்கும்டா, கொஞ்சம் தொய்வா விடு" என்பாளே, அதேதான். 300 மீட்டர் அகலப் பள்ளம், நடுவில் 2 டன் தடி தொங்குகிறது என்று வையுங்க. வடம் 30 மீட்டர் தொய்ந்தால் இழுவிசை சுமார் 5 டன். 15 மீட்டர்தான் தொய்ந்தால் 10 டன். வடத்தின் சொந்த எடையைச் சேர்க்காமலே இவ்வளவு. அறுபடும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. அம்மாயியிடம் சொல்லுங்க, அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

எங்கள் துறையின் பழைய கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே கேள்வி: மணிக்கு எத்தனை கன மீட்டர்? கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்ட எத்தனை நொடி, இழுக்க எத்தனை நொடி என்று எழுதி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். 2013-ல் மட்டும் இந்த நாட்டுக் காடுகளில் 10 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். ஆள் எங்கே நிற்கிறான் என்ற கேள்வியை அதற்கப்புறம் யாராலும் தள்ளிவைக்க முடியவில்லை. சரிவில் ஆளும் வேண்டாம், ரம்பத்தில் கையும் வேண்டாம் என்பதுதான் இப்போது ஆராய்ச்சிக்காரர்களின் குறி. மேட்டிலிருந்து வடம் கட்டி, சரிவில் இறங்கி மரம் வெட்டுகிற வண்டி வந்துவிட்டது. கிளைம்ப்மேக்ஸ் என்று ஒன்று இங்குள்ள நெல்சன் ஊரிலேயே உருவானது. சுருக்குப் போட ஆள் இறங்குவதற்குப் பதிலாக, கேமரா வைத்த இரும்புக் கொடுக்கு இறங்கித் தடியைக் கவ்வுகிறது. கோவில் தேரானாலும் செங்கல் குவியலானாலும் "பள்ளத்துப் பக்கம் நிக்காதே" என்று எங்களை இழுத்துப் பிடிப்பீங்களே, அதைத்தான் இவ்வளவு செலவு செய்து சொல்கிறார்கள்.

தடி இழுக்கிற யானையைப் பற்றி நீங்க சொல்லும் கதையைப் போன வாரம் வகுப்பில் சொன்னேன். தடி கட்டின வடத்தை யானை பல்லில் கவ்வித்தான் இழுக்கும், தடி உருள ஆரம்பித்தால் வாயைத் திறந்துவிடும், தடி போய்விடும், யானை நிற்கும் என்றேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. நாங்கள் வடத்தில் இழுவிசைமானி மாட்டி, எண்ணைத் திரையில் காட்டி, எப்போது தளர்த்த வேண்டும் என்று ஓட்டுநருக்கு மணி அடிக்கிறோம். மணி அடித்த பிறகும் அவர் முடிவெடுக்க வேண்டும். யானைக்கு மணி தேவைப்படவில்லை.

எல்லாம் நல்லதற்கே என்றும் சொல்ல மாட்டேன். சுருக்குப் போடுகிற பையன்கள் ஆட்டைப்போல மலை ஏறுவார்கள், கண்ணால் பார்த்தே தடியின் கனம் சொல்வார்கள். கொடுக்கு வந்தபின் அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் படித்தவற்றில் தேடினேன். இயந்திரத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது.

இன்னொன்று. வெட்டின சரிவில் பழைய வேர் மக்கும், புது வேர் பிடிக்கச் சில வருஷம் ஆகும். அந்த இடைவெளியில் பெருமழை வந்தால் மண்ணோடு கழிவுக்கட்டையும் இறங்கும். 2018 ஜூனில் கிழக்குக் கரையிலுள்ள டொலாகா பே கடற்கரை முழுக்கக் கட்டையாய்க் கிடந்தது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலில் அதே கிழக்குக் கரை மறுபடி அடிவாங்கியது. தடியை ஏற்றுவதில் காட்டிய சாமர்த்தியத்தை மிச்சத்தை அள்ளுவதிலும் காட்டியிருக்கலாம் என்று எனக்குக் கோபம்தான்.

ஒரு சந்தேகம், அப்புச்சி. யானை வடத்தை விட்டது தானாகவா, பாகன் சொல்லியா? பேராசிரியர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. அந்த வடம் எந்த நாரில் திரித்தது என்றும் சொல்லுங்க. எழுதச் சிரமமாக இருந்தால் தம்பியிடம் சொல்லிக் குரல் பதிவாக அனுப்புங்க. முட்டிக்குத் தைலம் தீர்ந்துவிட்டதா?

உங்க பேத்தி,
செல்வி