தண்டலும் கேப்டனும்

எங்க ஊர் தூத்துக்குடியில் தோணிக்குத் தலைவரை 'தண்டல்' என்பார்கள். கரையை விட்டுக் கிளம்பிவிட்டால் அவர் சொன்னதுதான் சட்டம். நடுக்கடலில் காற்று மாறும்போது கூட்டம் போட்டு ஓட்டெடுக்க முடியாதுங்களே! தப்பினால் எல்லாருமாகத்தான் முழுகணும்.

விளையாட்டு கேப்டன் கதை வேறு. டாஸ் போடுவார், ஃபீல்டர்களை நிறுத்துவார், யார் பந்து போடணும் என்று சொல்வார். ஆனால் பதவி இரவல்தான். தேர்வுக்குழு நாளைக்கே வாங்கி இன்னொருத்தர் கையில் கொடுத்துவிடும். அதற்கப்புறமும் அதே டீமில் ஆடணும். சிக்கலே அங்கேதான்.

நான் இருக்கும் மல்லாபூருக்கு உப்பல் ஸ்டேடியம் பக்கம். இங்கே பழைய ஆட்களிடம் கிரிக்கெட் பேசினால் ஜெய்சிம்ஹாவில்தான் ஆரம்பிப்பார்கள். பட்டோடி 1962-ல், 21 வயதில் இந்திய கேப்டன் ஆனவர். அவரே ரஞ்சியில் ஹைதராபாத்துக்கு ஆடியபோது ஜெய்சிம்ஹா தலைமையில்தான் ஆடினார். ஜெய்சிம்ஹாவோ ஒரு டெஸ்டில்கூட இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்ததில்லை!

அப்புறம் நம்ம மிதாலி ராஜ். தமிழ்க் குடும்பம், வளர்ந்தது ஹைதராபாத். 2005, 2017 என்று இரண்டு உலகக்கோப்பை ஃபைனலுக்கு அணியைக் கூட்டிப் போனவர். 2018 டி20 உலகக்கோப்பை அரையிறுதியில் கேப்டன் ஹர்மன்பிரீத். மிதாலியை வெளியே உட்கார வைத்தார்கள். 112-க்கு ஆல் அவுட், தோல்வி. பெரிய ரகளை ஆனது. ஆனால் 2022 உலகக்கோப்பையில் மிதாலி கேப்டன், ஹர்மன்பிரீத் துணைக் கேப்டன். இரண்டு பேருமே ஆடினார்கள்.

இதை ஏன் சொல்றேன்னா, நானும் ஆறு வருஷம் பிராஞ்ச் மேனேஜர். இப்போது வேறு ஆபீஸில், என்னைவிட ஒன்பது வயது சின்னவருக்குக் கீழே. முதல் மாசம் யாராவது "மேனேஜர் சார்" என்றால் தலை தானாகத் திரும்பும் (பழக்கதோஷம்!). போன வாரம் ஒரு கடன் ஃபைலில் கருத்து கேட்டார். நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் வேறு மாதிரி முடிவெடுத்தார். அதன்படியே வேலையை முடித்தேன். ராத்திரி நல்லாவே தூக்கம் வந்தது.

"என் பையனை ஏன் கேப்டன் ஆக்கலை?" என்று கோச்சிடம் மல்லுக்கு நிற்கும் அப்பா அம்மாக்களே, இன்னொரு பையன் கேப்டனாக இருக்கிற நாளில் உங்க பிள்ளை எப்படி ஆடுகிறான் என்று ஒரு தடவை பாருங்களேன்.