பெத்தது ரெண்டு

கர்ப்பிணியின் மருத்துவச் சீட்டில் பெயர், வயது, ரத்த வகைக்குப் பக்கத்தில் ஜி, பி, எல் என்று சில ஆங்கில எழுத்துகளும் அவற்றை ஒட்டி எண்களும் இருக்கும். எத்தனை முறை கருவுற்றாள், எத்தனை முறை பிரசவித்தாள், எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றன என்பதற்கான குறிப்பு அது. இரண்டாவது முறை நான் கர்ப்பமானபோது என் சீட்டில் ஜி 2, பி 1, எல் 0 என்று எழுதினார்கள். எழுதிய நர்ஸ் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இருந்த பூஜ்யம் வலித்தது. ஆனால் அதற்கு முந்திய ‘ஒன்று’ எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் மூத்த மகன் பிறந்தான் என்று அதுவரை என்னிடம் ஒப்புக்கொண்டது அந்தச் சீட்டு மட்டும்தான்.

அவன் ஒன்பதாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனான். எனக்குப் பிரஷர் ஏறி, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைந்துவிட்டது என்று பிறகு விளக்கினார்கள். இறந்த பிள்ளையையும் வலி எடுத்து, முக்கித்தான் பெற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. “முகத்தப் பாத்தா மறக்கவே முடியாதும்மா, வேண்டாம்” என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து, கையைத் தூக்க முடியவில்லை. அம்மாச்சி பூ மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி நிலக்கோட்டை மல்லிகை வாங்கிவரச் சொன்னார். உதிரிப் பூவை மார்பில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்கு மல்லிகை கட்டுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். 1988இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்து, பால் நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு, மல்லிகையும் சுரப்பைக் குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பால்குடி மறக்கடிக்கவும் இதைச் செய்வார்கள்தான். ஆனாலும் அம்மாச்சியின் கை அவ்வளவு பழக்கத்தோடு அந்தத் துணியை முடிந்ததைப் பார்த்தபோது, கையில் பிள்ளை இல்லாமல் பால் கட்டிய பெண்கள் எனக்கு முன்னால் எத்தனை தலைமுறை இந்த ஊரில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதன் பிறகு அவனைப் பற்றிய பேச்சே இல்லை. ஸ்கேன் படங்கள் பீரோவிலிருந்து காணாமல் போயின. “அடுத்தது சீக்கிரம் வந்துரும், எல்லாம் சரியாயிரும்” என்றார்கள். என் மேல் உள்ள பாசத்தால்தான் சொன்னார்கள். தெருவில் ஒரு வளைகாப்புக்கு அழைக்க வந்தவர்கள் அத்தையை மட்டும் அழைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் குங்குமச் சிமிழை மூடினார்கள். நான் கணக்கெழுதிய அலுவலகத்தில், “குழந்தைதான் இல்லையே, எதுக்கும்மா அவ்வளவு நாள் லீவு?” என்று கேட்டார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம், குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் அதில் சேரும் என்று விளக்கம் எழுதியிருந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரற்ற பிறப்பையும் பிறப்பு என்றே கணக்கில் எடுக்கிறது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்தவுடன் இறந்துபோனாலோ, தன் பெண் ஊழியருக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என்று மத்திய அரசு 2022இல் உத்தரவிட்டது. சட்டப் புத்தகத்தில் என் மகனுக்கு இடம் இருந்தது. சொந்த பந்தத்தின் வாயில்தான் இல்லை.

இந்த நிலையில்தான் மறுபடியும் நாள் தள்ளிப்போனது.

முதல் கர்ப்பத்தில் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் தெரியும். இரண்டாவதில் சந்தோஷப்படவே அச்சமாக இருந்தது. பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். வாந்தி வந்தால் நிம்மதி. ஒரு நாள் வராவிட்டால் பதற்றம். ஒரு சின்னச் சட்டைகூட வாங்க விடவில்லை. அத்தை கோட்டை மாரியம்மன் கோயிலில் தொட்டில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். நானோ வேண்டிக்கொள்ளவும் துணியவில்லை. இந்தப் பிள்ளையை நினைத்துச் சிரித்தால் அவனுக்குத் துரோகம், அவனை நினைத்து அழுதால் இந்தப் பிள்ளைக்குக் கேடு என்று மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. “முதல் பிரசவமா?” என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். ஆமாம் என்றால் அவன் இல்லாமல் போகிறான். இல்லை என்றால் “மூத்தது என்ன படிக்குது?” என்று அடுத்த கேள்வி வரும். பல நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எனக்குக் கிடைத்த மருத்துவர் அந்தப் பயத்தை அலட்சியம் செய்யவில்லை. முன்பு ஒரு குழந்தையை இப்படி இழந்தவளுக்கு மறுபடியும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான் என்று நேராகச் சொன்னார். ஆனாலும் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த குழந்தை உயிரோடுதான் பிறக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். மூன்று மாதம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை இரவில் சாப்பிடச் சொன்னார். பிரஷர் ஏறிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது மீண்டும் வராமல் தடுக்க உதவும் மருந்து அது. ஒவ்வொரு வருகையிலும் பிரஷரையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்தார்கள். பிற்பாடு பிள்ளையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். குழந்தையின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்று ஸ்கேன் சென்டர் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். எனக்கு அந்த ஆசை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் அந்தத் துடிப்பு தெரியும்வரை நான் மூச்சு விடமாட்டேன்.

அசைவை எண்ணவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சாப்பிட்ட பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், நம் பிள்ளை வழக்கமாக எப்படி அசைகிறது என்பதை நாமே தெரிந்துவைத்திருப்பது. அது குறைந்தால் சோடா குடித்துப் பார், காலை வரை பொறு என்றெல்லாம் காத்திருக்கக் கூடாது. கடைசி மாதத்தில் இடம் போதாமல் அசைவு குறையும் என்று நம் பக்கம் சொல்வது தவறு. அசைவின் தன்மை மாறலாம். அசைவு குறையக் கூடாது. “பயமா இருந்தா நடுராத்திரின்னாலும் வாங்க. ஒண்ணுமில்லேன்னு திருப்பி அனுப்புறதுல எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல” என்றார். அந்த வார்த்தையை நம்பி, மலைக்கோட்டைக்கு மேலே இருட்டாக இருந்த நேரங்களில் என் கணவரின் பைக்கை எழுப்பியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இதயத் துடிப்பைக் கேட்கவைத்துத்தான் அனுப்பினார்கள். ஒரு முறைகூட யாரும் முகம் சுளிக்கவில்லை.

மனசுக்கான மருந்து அம்மாச்சியிடம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு சாயங்காலம் நர்சம்மா கர்ப்பப் பதிவுக்கான பிக்மி நம்பர் பதிய வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் “பாட்டிக்கு எத்தன பிள்ளைங்க?” என்று கேட்டார்.

“பெத்தது ஏழு, தங்குனது நாலு” என்றார் அம்மாச்சி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, குரல் மாறாமல்.

நான் திடுக்கிட்டேன். ஜி, பி, எல் என்று என் சீட்டில் இருந்த அதே கணக்கு. நர்சம்மா போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தங்காத மூன்றைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொன்றையும் சொன்னார். ஒன்று பிறந்தபோதே மூச்சில்லை. ஒன்று அம்மையில் போனது. ஒன்றுக்கு ஏழாம் நாளில் ஜன்னி. பிறகு தன் பெயரைப் பற்றிச் சொன்னார். அம்மாச்சியின் பெயர் மூக்கம்மா. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால், இவர் பிறந்ததும் மூக்குக் குத்தி, குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி தவிடு கொடுத்து ‘வாங்கி’, திரும்பத் தந்தாளாம். எமன் இது வேண்டாத பிள்ளை என்று விட்டுவிட வேண்டும் என்பதற்காக. நம் கிராமங்களில் மூக்கையா, குப்புசாமி, பிச்சையம்மாள், தவிட்டுராஜா என்று பெயர் வைத்திருக்கும் எத்தனையோ பேருக்குப் பின்னால் இப்படித் தங்காமல் போன அண்ணனோ அக்காளோ உண்டு.

“உங்களக் கூப்பிடும்போதெல்லாம் உங்க ஆத்தாவுக்கு அந்த ரெண்டு ஞாபகமும் வருமே அம்மாச்சி?”

“வந்தா என்னத்தா? அதுகளும் அவ பெத்ததுகதான.”

இந்தக் கணக்கு எப்படி நம் வாயிலிருந்து போனது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். போனதற்குக் காரணம் ஒரு நல்ல காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. 1971வாக்கில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அந்த எண் 13. இந்த இறக்கத்துக்கு எங்கள் வட்டாரத்திலேயே உழைத்தவர்கள் இருக்கிறார்கள். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம், இளம்வயதில் கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து, பிறகு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணந்து, 1947இல் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்னாளப்பட்டியில் சிறியதாகத் தொடங்கிய மகப்பேறு மருத்துவம்தான் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. வீட்டில் மருத்துவச்சி கையில் நடந்த பிரசவங்கள் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்கு வந்தன. அம்மாச்சிக்கு மூன்று தங்கவில்லை. என் அம்மாவுக்குப் பெற்றதெல்லாம் தங்கின. தெருவுக்குத் தெரு நடந்த சாவு அபூர்வமானது. அபூர்வமானதும், அதைப் பேசும் பேச்சும் மறைந்தது. அம்மாச்சி காலத்தில் பிள்ளையை இழந்தவளுக்குத் துணை, அதே தெருவில் இழந்த பத்துப் பெண்கள். எனக்கு ஒருத்திகூடத் தெரியாது. ஆனால் இருக்கிறார்கள். ஏழு மாதம் கடந்த பிறகு உயிரற்றுப் பிறக்கும் குழந்தைகள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 20 லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. அந்தத் தாய்மார்களில் எத்தனையோ பேர் பேச்சில்லாமல் இருக்கிறார்கள்.

நான் பேசத் தொடங்கினேன். முதலில் என் கணவரிடம். புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன், கூட்டிக்கொண்டு போனார். நான் பார்க்காத முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். உன் நெற்றி, என் காது என்று சொல்லிவிட்டு, அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதார். அவருக்கும் அழ யாரும் இடம் கொடுத்திருக்கவில்லை. வளைகாப்பு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வீட்டளவில் சம்மதித்தேன். முதல் வேப்பிலைக் காப்பை அம்மாச்சிதான் போட வேண்டும் என்றேன். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் போடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தை எழுந்து, அம்மாச்சியின் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார். அதற்காக அத்தையை என் காலமெல்லாம் நினைத்திருப்பேன்.

பயம் அதனால் போய்விடவில்லை. ஒன்பதாம் மாதத்தில் தூக்கமே இல்லை. ஆனால் பயத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்து அழுத்தியது நின்றது. அவனை நினைக்க ஒரு இடம் கிடைத்த பிறகு, வயிற்றில் இருந்த பிள்ளையை நினைக்க மனதில் தாராளமாக இடம் இருந்தது. மகள் பிறந்தாள். அவள் அழுதபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வந்தது, அவனுடைய அழுகை எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம். அவள் வந்ததால் அவன் இடம் நிரம்பவில்லை. அவளும் யாருடைய இடத்தையும் நிரப்பப் பிறந்தவள் இல்லை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து அவளை முழுசாகக் கொஞ்ச முடிந்தது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தையை இழந்து மறுபடியும் கர்ப்பமாக இருக்கும் பெண் இருந்தால், “இதையாவது நல்லபடியா பெத்துக்க” என்று சொல்லாதீர்கள். அவள் போனதையும் நல்லபடியாகத்தான் பெற நினைத்தாள். ராத்திரி அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் கேள்வி கேட்காமல் வண்டியை எடுங்கள். பார்க்கவும் தொடவும் விரும்பும் தாய்க்கு, இறந்த பிள்ளையைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கே இருக்கட்டும். வளைகாப்புக்கு அழைக்கும்போது அவளுக்கும் குங்குமம் கொடுங்கள். முதல் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாள் என்று ஒரு முறை கேளுங்கள். அழுவாள், அழட்டும். அந்த அழுகையால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.