பேசாத படம்

நம் சங்கத்திற்கு ஓர் இணையதளம் உண்டு என்பது அன்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு 2023-ஆம் ஆண்டின் கடைசியில் என் தலையில் வந்து விழுந்தது. "நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே?" என்றார் காரியதரிசி. நான் படிப்பது ரசாயனம் என்று சொல்லிப் பார்த்தேன். "ரசாயனத்தையும் இப்போது கம்ப்யூட்டரில்தானே படிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்.

தளம் வேர்ட்பிரஸில் அமைந்தது. எழுதுவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பத்தி பத்தியாகத் தட்டிக்கொண்டே போகலாம். படத்தில் கை வைத்த பிறகுதான் தொல்லை தொடங்கிற்று. கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலாயிரம் புள்ளி அகலம், நாலைந்து மெகாபைட் கனம். அதை அப்படியே பக்கத்தில் வைத்தால், நம் விடுதி வைஃபையில் அது இறங்குவதற்குள் தட்டில் உள்ள சோறு ஆறிவிடும். வேர்ட்பிரஸ் 2560 புள்ளிக்கு மேற்பட்ட படத்தைத் தானே சுருக்கிக்கொள்கிறது. அதோடு 1024, 300 என்று சிறிய பிரதிகளும், 150-க்கு 150 என்று சதுரமாக ஒரு வில்லையும் வெட்டி வைக்கிறது. எதை எங்கே வைப்பது, இடப்பக்கம் ஒதுக்குவதா நடுவில் நிறுத்துவதா, தொட்டால் பெரிதாகத் திறக்கும்படி இணைப்புக் கொடுப்பதா என்பதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும் கொஞ்சம் கர்வமும் வந்தது. உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

2024 ஜனவரி 15, பொங்கல். தில்லியின் பனிமூட்டத்தில் விடுதி முற்றத்தில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினோம். அன்றிரவே ஏழு படங்களைத் தளத்தில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கொடுத்தேன். முகப்பில் சதுரப் படம் ஒன்று அழகாக உட்கார்ந்தது. வாழ்த்துகள் குவிந்தன.

மறுநாள் பக்கத்து அறை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், சரித்திரத்தில் ஆராய்ச்சி செய்கிறார். பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். அவருடைய கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நண்பர்கள் இருவர் உருவாக்கி, 2006 முதல் இலவசமாகவே கிடைத்துவரும் மென்பொருள் அது. திரையில் உள்ளதை அது குரலில் சொல்லும்.

"தம்பி, பொங்கல் படம் போட்டிருக்கியாமே. என் கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு கேளு" என்றார்.

கேட்டேன். இணைப்பு, படம், ஐ, எம், ஜி என்று தொடங்கி எண்களாகப் பொழிந்தது குரல். அடுத்த படத்திற்கும் எண்கள். ஏழு படத்திற்கும் எண்கள்தாம்.

"இது பொங்கலா, யாரோட டெலிபோன் நம்பரா?" என்று சிரித்தார் அண்ணன். பிறகு, சிரிப்பு அடங்கிய குரலில், "அந்தப் படத்துல நான் இருக்கேனா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. அன்று பானை பொங்கப் போவதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் கண்டு சொன்னவரே அவர்தாம். கொதிக்கும் சத்தத்தை வைத்தே, "இப்பப் பொங்கும் பாருங்க" என்றார், பொங்கிற்று. படத்தைத் திறந்து பார்த்தேன். பெரிய படத்தில் இடது ஓரத்தில் அகப்பையோடு நின்றார். முகப்பில் இருந்த சதுரப் படத்திலோ அவர் இல்லை. நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு இரு ஓரங்களையும் இயந்திரம் நறுக்கிவிட்டிருந்தது. அழகாக உட்கார்ந்ததென்று நான் மகிழ்ந்தது அந்தப் படத்தைத்தான்! மறைக்க மனம் வரவில்லை, உள்ளபடியே சொன்னேன். "சரி, சரி செஞ்சுடு" என்றார் அவர்.

படத்தை ஏற்றும்போது பக்கத்தில் "மாற்று உரை" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நான் நாள்தோறும் பார்த்ததுண்டு, நிரப்பியதில்லை. படத்தின் கீழே எல்லார் கண்ணுக்கும் தெரியும் குறிப்பு வேறு, இது வேறு. படத்தைக் காண இயலாதவருக்கு அதன் இடத்தில் நின்று பேசும் சொல் இது. புதிதாக வந்த ஏற்பாடும் அன்று. 1995-இல் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 2.0-இலேயே இதற்கு இடம் இருந்தது. கட்டம் காலியாக இருந்து, படத்திற்கு இணைப்பும் இருந்துவிட்டால், திரைவாசிப்பான் வேறு வழியின்றிக் கோப்பின் பெயரைப் படிக்கிறது.

அன்றே ஊடக நூலகத்தைத் திறந்து ஏழு கட்டங்களையும் நிரப்பினேன். வெற்றியோடு அண்ணனிடம் போனேன். மறுபடியும் எண்கள்! பாதி இரவு விழித்த பிறகுதான் காரணம் விளங்கிற்று. ஒரு படத்தைக் கட்டுரையில் நுழைக்கும் அந்தக் கணத்தில் நூலகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் கட்டுரைக்குப் போகிறது. பிற்பாடு நூலகத்தில் திருத்தினாலும், ஏற்கெனவே நுழைத்த படம் மாறாது. ஆகவே கட்டுரைக்குள் சென்று ஒவ்வொரு படமாகத் தொட்டு எழுத வேண்டியதாயிற்று.

சரி, என்ன எழுதுவது? முதலில் "பொங்கல் விழா" என்று எழுதினேன். "அது எனக்கே தெரியுமே. அங்க என்ன இருக்கு?" என்றார் அண்ணன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இளஞ்சூரியன் பொற்கதிர் வீச, பானையோடு தமிழர் உள்ளமும் ஒருங்கே பொங்கும் காட்சி" என்று தீட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு வெயில் எங்க வந்துச்சு? என் மூஞ்சியில படவே இல்லையே!"

படத்தை மறுபடி பார்த்தேன். சூரியன் இல்லை. வெறும் பனிதான். நானே எடுத்த படம், நானே வெட்டி ஒட்டிய படம். இருந்தும் அதை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அளவைப் பார்த்தேன்; கனத்தைப் பார்த்தேன்; ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தேன். அதில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று பார்க்கவில்லை.

மூன்றாம் தடவை இப்படி எழுதினேன்: "பனிமூட்டமான விடுதி முற்றம். செங்கல் அடுப்பில் பானை பொங்கி வழிகிறது. இடது ஓரத்தில் அகப்பையோடு அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சுற்றி எட்டுப் பேர் கைதட்டுகிறார்கள்."

குரல் படித்து முடித்தது. அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. "சிரிக்கிறேனா?" என்றார். இன்னொரு தடவை படிக்க வைத்துக் கேட்டார்.

முகப்புப் படத்தையும் மாற்றினேன். இயந்திரம் வெட்டுவதற்கு முன் நானே சதுரமாக வெட்டி, அண்ணனும் பானையும் நடுவில் வரும்படி புதிதாக ஏற்றினேன். கைதட்டுகிறவர்களில் இருவர் விட்டுப்போனார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நம் தளத்தில் பழைய விழாப் படங்கள் நூற்றுக்கு மேல் இன்னும் எண்களாகவே கிடக்கின்றன. அவற்றில் நிற்பவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியாது. மூத்த மாணவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட அன்பர்கள் ஞாயிறு காலை, மெஸ்ஸில் சிற்றுண்டி முடிந்ததும் என் அறைக்கு வந்தால் உபகாரமாக இருக்கும். நான் தட்டெழுதுகிறேன். படத்தில் இருப்பதை நீங்கள் சொல்லுங்கள். வெயில் இல்லாத இடத்தில் வெயில் அடித்தால் கண்டுபிடிக்க அண்ணனும் கூட இருப்பார்.