பளைப் புகையிரத நிலையம்

ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டினுட் புகும் புகையிரதத்தை முதலில் வரவேற்கும் ஊர்களுள் ஒன்று பளை. 1984இல் வகுக்கப்பட்ட கிளிநொச்சி மாவட்டத்துடன் நிர்வாகத்தால் இணைந்திருப்பினும், மண்ணாலும் தென்னந்தோட்டங்களாலும் அது குடாநாட்டைச் சார்ந்ததே. கண்டி வீதியில் விரைவோர் அதன் நிலையத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் வடபகுதிப் பாதை இருமுறை இவ்வூரிலே வந்து முடிந்து நின்றது.

முதன்முறை பாதை வடக்கிலிருந்து வந்தது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11ஆந் திகதி திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் 15இல் அது பளை வரை நீண்டது. அக்காலத்தில் தெற்கிலிருந்து வந்த பாதை அநுராதபுரத்தைத்தானும் எட்டவில்லை. எனவே இயந்திரங்களும் தண்டவாளங்களும் கடல்வழியாக வந்திறங்குவதன்றி வேறு மார்க்கமில்லை. பளைக்கு அப்பால் நீரேரியும் வன்னிக்காடும். 1905 ஓகஸ்ற் முதலாந் திகதி முழுப்பாதையும் திறக்கப்படும்வரை, ஏறத்தாழ மூன்றாண்டுகள், கொழும்பை அறியாத புகையிரதமொன்று குடாநாட்டினுள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது!

இத்தகைய சிறு நிலையத்தின் அமைப்பில் வியப்புக்குரியது அதிகமில்லை. ஆனால் தனிப்பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று ஒதுங்கி நிற்கக் கிளைப்பாதை வேண்டும். இவ்வொரு தேவையே இத்தகைய சிறு நிலையங்களுக்கு உயிர். முற்காலத்தில் 'ரப்லெற்' எனப்பட்ட வில்லையைக் கையிற் பெறாமல் எந்தச் சாரதியும் அடுத்த நிலையத்துக்குச் செல்ல இயலாது. 1956 ஏப்ரலிற் சேவை தொடங்கிய யாழ்தேவியும் இவ்விதிக்கு விலக்கன்று. இன்று அவ்வேலையை வர்ண ஒளிச் சமிக்ஞைகள் செய்கின்றன.

1990 யூனில் வண்டிகள் நின்றன. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஊர்களை இணைக்கவென இட்ட இரும்பு, உயிரைக் காக்கவென மண்ணுக்குள் இறங்கியது. அதற்காக எவரையும் நோவதற்கில்லை. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த காலத்தில், பளைக்கு அண்மையிலுள்ள கிளாலியிலிருந்து மக்கள் இரவோடிரவாகப் படகேறி நீரேரியைக் கடந்தனர். அப்பயணத்திற் பலர் மாண்டனர். பதினைந்து நிமிடம் பிந்திய வண்டிக்காக நிலைய அதிபரைக் கடிந்துகொண்ட தலைமுறை, விடியுமுன் கரையேறுவோமா என ஏங்கும் நிலைக்கு வந்தது. 2000இன் பின் சற்று வடக்கேயுள்ள முகமாலை போர்முனையாயிற்று. அந்நிலம் கண்ணிவெடிகளால் நிரம்பியது.

போர் முடிந்தபின், இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. இம்முறை அது தெற்கிலிருந்து வந்தது. 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சியையும் 2014 மார்ச் 4இற் பளையையும் வண்டி அடைந்தது. 1990இற் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் வயதில், தன் ஊர்ப்பக்கம் புகையிரதம் வருவதை முதன்முதலாகக் கண்டது.

அவ்வாண்டு ஒக்ரோபர் 13 வரை பளையே மீண்டும் கடைசி நிலையம். கொழும்பிலிருந்து வந்தோர் இங்கிறங்கிப் பேருந்தேறி யாழ்ப்பாணம் சென்றனர். 2015 சனவரி 2இற் காங்கேசன்துறை வரை பாதை நிறைவெய்தியதும், அந்தப் பரபரப்பு ஓய்ந்தது. புதிய சிலிப்பர்கள் கொங்கிறீற்றினாலானவை. தோளிற் சுமந்து செல்லுதல் எளிதன்று. யாழ்ப்பாணத்துக்குச் செல்வோருக்குப் பளை இப்போது யன்னலுக்கு வெளியே கடந்து செல்லும் ஒரு பெயர்ப்பலகை.