துரோகி ஏற்றிய தீபம்

ஹாஸ்டல் டி.வி. ரூம். போர் பற்றிய நியூஸ் ஓடிட்டு இருந்தது. "சண்டை வேணாம்டா"ன்னு சொன்ன ரூம்மேட்டை, அத்தனை பேர் முன்னாடியும் "தேசத்துரோகி"ன்னு திட்டிட்டேன். அவன் பதிலே பேசலை. சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டான்.

அப்புறம்தான் முகமது அலி பற்றிப் படிச்சேன். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். துரோகி என்றார்கள். சாம்பியன் பட்டத்தைப் பறித்து, 5 வருட சிறைத் தண்டனையும் விதித்தார்கள். அப்பீல் செய்து வெளியில் இருந்தாலும், மூன்றரை வருடம் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை.

கல்லூரிகளிலும் போராட்டம் நடந்தது. 1970-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போர் எதிர்ப்புக் கூட்டத்தைக் கலைக்க வந்த படை 13 விநாடி சுட்டதில் 4 மாணவர்கள் பலி. நம்ம வயசுப் பசங்க!

1971-ல் அலியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியது அதே அலி! போர் வேண்டாம் என்றவரையே தன் முகமாக உலகத்துக்குக் காட்டியது அமெரிக்கா. 'எதிர்த்துக் கேட்பதும் தேசபக்திதான்' என்று ஒரு நாடு புரிஞ்சுக்க 29 வருஷம்.

எனக்கு அவ்வளவு நாள் ஆகலாமா? அன்னிக்கே ரூம்மேட்கிட்ட ஸாரி கேட்டேன்.

"முதல்ல டீ வாங்கிக் கொடு, யோசிக்கிறேன்" என்றான்.